திடீர்க் கோடைப் பயணம்: நண்பர்களோடு கிளம்பும் முன் முடிக்க வேண்டிய வேலைகள்

வியாழக்கிழமை இரவு பத்தரைக்குப் பேச்சு தொடங்கியது. "லீவு முடியறதுக்குள்ள எங்கேயாவது போலாமா?" என்று ஒருத்தி கேட்டாள். பன்னிரண்டு மணிக்குள் ஐந்து பேருக்கும் விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது. சனிக்கிழமை விடியற்காலையில் விமான நிலையத்தில் நின்றோம். கவுன்டரில் இருந்த பெண் எங்களில் ஒருவனுடைய பாஸ்போர்ட்டைப் புரட்டினார். காலாவதித் தேதியை விரலால் தொட்டுக் காட்டி, "இன்னும் நாலு மாசம்தான் இருக்கு, அந்த நாட்டுக்கு ஆறு மாசம் வேணும்" என்றார். கெஞ்சிப் பார்த்தோம், பயனில்லை. அவன் பெட்டியை இழுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளியே போனதை நாங்கள் நான்கு பேரும் வரிசையில் நின்றபடியே பார்த்தோம்.

பயணம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எந்தப் படத்தைப் பார்த்தாலும் ஒரு ஆள் குறைகிறது. அந்தக் குறை உங்கள் குழுவுக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். திடீரென்று கிளம்புவதில் ஒரு தப்பும் இல்லை. எங்கே சுற்றுவது, எத்தனை மணிக்கு எழுந்திருப்பது என்பதையெல்லாம் போன இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆவணம், பணம், திரும்பி வரும் வழி, இந்த மூன்றை மட்டும் வீட்டை விட்டு இறங்கும் முன்பே முடித்துவிடுங்கள். கீழே உள்ள வரிசையும் காரணத்தோடு போட்டதுதான். நாங்கள் டிக்கெட்டை முதலில் எடுத்தோம், மற்றதையெல்லாம் பிறகு யோசித்தோம். அதைத்தான் மாற்றிப் போட்டிருக்கிறேன்.

1. முதலில் பாஸ்போர்ட், அப்புறம்தான் ஊர்

பேச்சு வந்த இரவே எல்லாரும் அவரவர் பாஸ்போர்ட்டைக் கையில் எடுக்க வேண்டும். "இருக்கு, இருக்கு" என்ற பதிலை ஏற்காதீர்கள். எங்கள் நண்பனும் அதைத்தான் சொன்னான். அலமாரியைத் திறந்து, பார்த்து, உங்கள் அரட்டைக் குழுவில் நான்கு விவரங்களைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள்: பாஸ்போர்ட்டில் அச்சாகியுள்ளபடி முழுப் பெயர், வழங்கிய தேதி, காலாவதித் தேதி, முத்திரை விழாத பக்கங்கள் எத்தனை. பக்கத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டாம். அந்தப் படம் ஐந்து பேருடைய மொபைலில் காலத்துக்கும் கிடக்கும்.

காலாவதித் தேதி வரும் வரை பாஸ்போர்ட் செல்லும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. சிங்கப்பூர், இந்தோனேசியா உட்படப் பல நாடுகள், நீங்கள் போய் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் மீதி இருக்க வேண்டும் என்கின்றன. ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குக் கணக்கு வேறு. அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு 3 மாதம் மீதி இருக்க வேண்டும், பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு வெற்றுப் பக்கமாவது இருக்கட்டும். நனைந்து ஊறியது, ஓரம் கிழிந்தது, படத்தின் மேலுள்ள உறை உரிந்தது என்றால் அதையும் காரணம் காட்டித் திருப்பி அனுப்புவார்கள்.

அடுத்தது விசா. ஒரே குழுவில் வெவ்வேறு நாட்டுக் குடிமக்கள் இருந்தால் ஒருவருக்கு விசா வேண்டாம், இன்னொருவருக்கு வேண்டும் என்று வரும். அதனால் "என் சொந்தக்காரர் போனப்ப விசா கேக்கலை" என்ற பேச்சுக்கு மதிப்பே கொடுக்காதீர்கள். ஒவ்வொருவருடைய பாஸ்போர்ட்டுக்கும் தனித்தனியாக, போகும் நாட்டின் அரசு இணையதளத்தில் பாருங்கள்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்குக் குறைந்தது 15 நாளுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். முடிவு வரவும் வழக்கமாக 15 நாள் ஆகும், சில சமயம் 45 நாள் வரை நீளும். கையில் ஏற்கெனவே பலமுறை நுழைவு விசா இருந்தால் ஒழிய, இந்த வார இறுதிக்கு அது ஆகாது. விசா தேவைப்படாதவர்களுக்கும் இப்போது பல நாடுகள் மின்னணு முன்னனுமதி கேட்கின்றன. அமெரிக்காவின் எஸ்டாவுக்குக் குறைந்தது 72 மணி நேரத்துக்கு முன் விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். பிரிட்டனின் இடிஏவுக்கு 3 வேலை நாள் ஒதுக்கச் சொல்கிறார்கள். பெரும்பாலும் சீக்கிரமே வந்துவிடும், ஆனால் குழுவில் ஒருவருக்கு மட்டும் தாமதமாகிவிட்டால் என்ன செய்வீர்கள்? இரண்டு நாளில் கிளம்புகிறீர்கள் என்றால் முன்னனுமதி கையில் வந்த பிறகு டிக்கெட் எடுங்கள்.

இன்னொரு பொறி வருகை அட்டை. சிங்கப்பூர், மலேசியா, 2025 மே முதல் தாய்லாந்து ஆகியவை வருகை அட்டையை இணையத்திலேயே நிரப்பச் சொல்கின்றன. போய்ச் சேர்வதற்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும், கட்டணம் எதுவும் கிடையாது. தேடினால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் பணம் கேட்கும் தனியார் தளமாக இருக்கும். அரசு முகவரிதானா என்று பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

உள்நாட்டிலேயே வேறு நகரத்துக்குப் போகிறீர்கள் என்றால் இவ்வளவும் வேண்டாம், ஒரு அடையாள அட்டை போதும். ஆனால் அசலை எடுத்துக்கொள்ளுங்கள். மொபைலில் உள்ள படத்தை விமான நிலையத்தில் ஏற்றாலும் தங்கும் விடுதியில் ஏற்கமாட்டேன் என்று சொல்லக்கூடும். குழுவில் 18 வயதுக்குக் குறைந்தவர் இருந்தால் பெற்றோரின் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் இல்லாமல் எல்லை தாண்ட முயற்சிக்காதீர்கள்.

2. எவ்வளவு வரை முடியும்? இதை முதல் நாளே கேளுங்கள்

நெருங்கிய நண்பர்களிடம் பணம் பேச எல்லாருக்கும் கூச்சம். எங்களுக்கும் அப்படித்தான். அதற்கான விலையை எங்கள் தோழி கொடுத்தாள்.

இரண்டாம் நாள் இரவு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். அவள் மட்டும் "எனக்குப் பசிக்கலை" என்று தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தாள். பகல் முழுக்க வெயிலில் நடந்தவள். அன்றைக்கு யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில்தான் சொன்னாள்: முதல் நாள் விடுதியில் அறைக்கு முன்பணம் என்று அவளுடைய கார்டைத் தேய்த்திருந்தார்கள். எல்லாருக்குமான தொகை அது. பணம் எடுக்கப்படவில்லை, ஆனால் முடக்கப்பட்டிருந்தது. கணக்கில் மீதி இருந்ததில் இரண்டு வேளை சாப்பாட்டுக்குக்கூடக் காணாது. எங்களிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

ஆகவே டிக்கெட் பக்கத்தைத் திறக்கும் முன்பே ஒருவரைப் பொறுப்பாளராக வையுங்கள். ஒவ்வொருவரும் அவரிடம் மட்டும், தனிச் செய்தியில், "எல்லாம் சேர்த்து என்னால் இவ்வளவுதான் முடியும்" என்று ஒரு தொகையைச் சொல்லட்டும். வந்த தொகைகளில் மிகக் குறைந்தது எதுவோ அதுதான் பயணத்தின் அளவு. யார் சொன்ன தொகை என்பதைப் பொறுப்பாளர் வெளியே சொல்லக்கூடாது. கையில் கூடுதலாக உள்ளவர் தனியாக ஏதாவது வாங்கிக்கொள்ளட்டும், அதில் யாருக்கும் வருத்தம் இல்லை. அறையும் போக்குவரத்தும் சாப்பாடும் மட்டும் குறைந்த தொகைக்கு ஏற்றபடி இருக்கட்டும்.

அந்தத் தொகையைப் பிரிக்கும்போது நினைவில் வைக்க வேண்டியது: கடைசி நேர டிக்கெட்டும் கோடைக்கால அறை வாடகையும் சேர்ந்து பாதிக்கு மேல் விழுங்கிவிடும். மிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கை யாரும் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். ரயில் தவறினாலோ ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனாலோ அதுதான் கைகொடுக்கும்.

3. ஊரை முடிவு செய்வது

பாஸ்போர்ட்டும் தொகையும் தெரிந்துவிட்டால் ஊர்ப் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும். மிஞ்சியதில் மூன்றைப் பாருங்கள்.

ஒன்று, அங்கே எவ்வளவு வெயில். இங்கே கோடை என்றால் அங்கேயும் கோடை என்று இல்லை. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் கோடை. ஜூலையில் சிட்னிக்குப் போனால் குளிர்காலத்தில் போய் இறங்குவீர்கள்.

இரண்டு, நீங்கள் போகும் கிழமையில் என்ன மூடியிருக்கும். ஒரு இடத்துக்காகவே ஒரு நகரத்துக்குப் போகிறீர்கள் என்றால் இது முக்கியம். பாரிசின் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அதே ஊரில் ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை. தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை. வாட்டிகன் அருங்காட்சியகங்கள் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். இத்தாலியில் ஆகஸ்ட் 15 பொது விடுமுறை, அதையொட்டிப் பல சிறு கடைகளும் உணவகங்களும் நாள் கணக்கில் மூடிவிடுவார்கள்.

மூன்று, முன்பதிவு. சில இடங்களுக்குத் திடீரென்று போகவே முடியாது. ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஆன் ஃபிராங்க் இல்லத்துக்கு டிக்கெட் இணையத்தில் மட்டும்தான். ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்கான டிக்கெட்டை ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வெளியிடுகிறார்கள். ஸ்பெயினின் கிரானடாவில் உள்ள அல்ஹம்ப்ரா கோட்டைக்கு டிக்கெட் உங்கள் பெயரில் இருக்கும், அதனுள் உள்ள நஸ்ரித் அரண்மனைக்குள் நுழைய டிக்கெட்டில் நேரமும் குறித்திருக்கும். இப்படிப்பட்ட இடம் ஒன்றில் ஆசை இருந்தால் ஊரை முடிவு செய்யும் முன் டிக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த ஊரை வேறொரு சமயத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தெருக்களையும் ஆற்றங்கரையையும் பூங்காவையும் பார்த்து நடக்கவே நன்றாக இருக்கும் ஊர்தான் திடீர்ப் பயணத்துக்கு ஏற்றது என்பது என் எண்ணம்.

4. டிக்கெட் எடுக்கும்போது

ஐந்து பேருக்குச் சேர்த்துத் தேடிப் பார்த்துவிட்டு, அப்படியே ஒருவருக்கு மட்டும் தேடிப் பாருங்கள். தலைக்கு விழும் விலை பல சமயம் மாறும். காரணம் இதுதான்: குறைந்த விலையில் மூன்று இருக்கைதான் மிச்சம் என்றால், ஐந்து பேராகத் தேடும்போது எல்லாருக்கும் அடுத்த விலையைத்தான் காட்டும். மூன்றும் இரண்டுமாகப் பிரித்து எடுத்தால் கொஞ்சம் மிச்சமாகும். அதில் ஒரு குறையும் உண்டு. விமானம் ரத்தானால் இரண்டு பதிவுகளையும் தனித்தனியாகத்தான் மாற்றிக் கொடுப்பார்கள், ஆளுக்கொரு நேரத்தில் போக வேண்டியிருக்கும். விலை வித்தியாசம் சிறியதாக இருந்தால் ஒரே பதிவாக எடுத்துவிடுங்கள்.

பெயரை ஒருவர் சொல்ல இன்னொருவர் அடிக்க வேண்டாம். குழுவில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறீர்களே, அதை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள். நம்மில் பலருக்கு முதலெழுத்தோடு கூடிய பெயர், பாஸ்போர்ட்டில் அது அப்பா பெயராக விரிந்திருக்கும், வரிசையும் மாறியிருக்கும். கூப்பிடும் பெயரில் டிக்கெட் எடுத்துவிட்டால் திருத்தக் கட்டணம் கேட்பார்கள். பெயரை முழுவதும் மாற்ற வேண்டுமென்றால் பெரும்பாலான நிறுவனங்கள் முடியாது என்றே சொல்லிவிடும்.

"24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் கிடைக்கும்" என்று பலரும் சொல்வார்கள். அது அமெரிக்காவுக்கு வரும், அங்கிருந்து கிளம்பும், அதனுள்ளேயே பறக்கும் விமானங்களுக்கான விதி. அதுவும் பயணத்துக்குக் குறைந்தது 7 நாளுக்கு முன் எடுத்த டிக்கெட்டுக்குத்தான். நாளை மறுநாள் பறப்பவருக்கு அது உதவாது. ஆகவே பணம் கட்டும் பொத்தானை அழுத்தும் முன் ஒருமுறை எல்லாரும் சேர்ந்து திரையைப் பாருங்கள்: பெயர், தேதி, காலையா இரவா, எந்த விமான நிலையம். பெரிய நகரங்களில் இரண்டு மூன்று விமான நிலையங்கள் இருக்கும். மலிவு விமானம் இறங்கும் நிலையத்திலிருந்து ஊருக்குள் போக ஒன்றரை மணி நேரமும் ஆகலாம், அந்தப் பேருந்துச் செலவைச் சேர்த்தால் மலிவு மலிவாக இருக்காது.

பைக்கான கட்டணத்தையும் அதே நேரத்தில் கட்டுங்கள். விமான நிலையத்தில் கட்டினால் பல மடங்கு ஆகும். போகும் டிக்கெட்டைப் பயன்படுத்தாவிட்டால் அதே பதிவில் உள்ள திரும்பும் டிக்கெட்டும் பெரும்பாலும் ரத்தாகிவிடும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். "நான் ரயில்ல வந்து சேர்ந்துக்கிறேன், திரும்பும்போது உங்களோட வர்றேன்" என்பது நடக்காது.

5. தங்குமிடம்

இரண்டு வழி: விடுதியில் இரண்டு மூன்று அறை, அல்லது ஒரு முழு வீடு. நண்பர்கள் என்றால் வீடுதான் மனதுக்குப் பிடிக்கும், இரவு பேசிக்கொண்டிருக்கலாம். ஆனால் திடீர்ப் பயணத்தில் வீட்டில் சில சிக்கல்கள் உண்டு. இரண்டு மூன்று இரவுக்கு எடுக்கும்போது துப்புரவுக் கட்டணம் தலைக்கு அதிகமாக விழும். "5 பேர் தங்கலாம்" என்பதில் ஐந்தாவது ஆளுக்குக் கூடத்து சோபாதான் படுக்கையாக இருக்கும். சாவி கொடுக்க ஆள் இல்லாமல் எண் பூட்டாக இருக்கலாம், அந்த எண்ணை அனுப்ப வேண்டியவர் இரவு பதினொரு மணிக்குத் தூங்கிக்கொண்டிருக்கலாம். நள்ளிரவில் போய் இறங்குகிறீர்கள் என்றால் முதல் இரவுக்காவது இருபத்து நான்கு மணி நேரமும் வரவேற்பறையில் ஆள் இருக்கும் விடுதியை எடுங்கள்.

இரண்டிலுமே பதிவு செய்யும் முன் பார்க்க வேண்டியவை:

ரத்துக்கான கடைசி நேரம். அது எந்த ஊர் நேரம் என்பதையும் பாருங்கள்.

குளிர்சாதனம் உண்டா என்பது. கோடையிலும் பழைய கட்டடங்களில் பல இடங்களில் இருக்காது. "மின்விசிறி உண்டு" என்று எழுதியிருந்தால் மேசை மேல் வைக்கும் சின்ன விசிறி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நகர வரி. ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் இரவுக்கும் ஆளுக்கும் கணக்கிட்டோ வாடகையில் இத்தனை விழுக்காடு என்றோ வாங்குவார்கள். ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் அது 12.5 விழுக்காடு. இணையத்தில் காட்டும் விலையில் இது சேராமல் இருக்கலாம்.

முன்பணம். இதைப் பற்றித்தான் மேலே சொன்னேன். விடுதிக்குச் செய்தி அனுப்பி, "வரும்போது எவ்வளவு முடக்குவீர்கள், எப்போது விடுவிப்பீர்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள், கையிருப்பே முடங்கிவிடும். குழுவில் கிரெடிட் கார்டு உள்ள ஒருவர் கொடுக்கட்டும். அறையைக் காலி செய்த பிறகும் அந்தத் தொகை கணக்குக்குத் திரும்பப் பல நாள் ஆகலாம்.

அறை பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குத்தான் கிடைக்கும், காலி செய்ய வேண்டியது காலை பத்து பதினொரு மணிக்கு. காலையில் போய் இறங்கினால் பையை வாங்கி வைத்துக்கொள்வார்களா என்று அதே செய்தியில் கேட்டுவிடுங்கள். வீடாக இருந்தால் பெரும்பாலும் மாட்டார்கள். அப்போது ரயில் நிலையத்தில் பை வைக்கும் பெட்டி இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள்.

6. பொதுப் பணமும் கார்டும்

ஒரு பொதுக் கணக்கு போடுங்கள். கிளம்பும் முன்பே ஆளுக்குச் சமமாக ஒரு தொகையை இருவரிடம் பிரித்துக் கொடுங்கள். ஒருவரிடமே கொடுத்தால் அவருடைய பை தொலைந்தால் எல்லாரும் திண்டாட வேண்டும். பேருந்து, சாப்பாடு, நுழைவுக் கட்டணம் எல்லாம் அதிலிருந்தே போகட்டும். இரவு படுக்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி அன்றைய செலவைக் குழுவில் எழுதிவிடுங்கள். நான்காம் நாள் உட்கார்ந்து யோசித்தால் யாருக்கும் எதுவும் ஞாபகம் இருக்காது, அங்கேதான் மனக்கசப்பு தொடங்கும்.

வெளிநாட்டில் கார்டைத் தேய்க்கும்போது, "உங்கள் ஊர்ப் பணத்தில் கட்டுகிறீர்களா, இந்த ஊர்ப் பணத்தில் கட்டுகிறீர்களா" என்று கருவி கேட்கும். எப்போதும் அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். நம் பணத்தைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தை அவர்களே வைப்பார்கள், அது நமக்கு நட்டமாகவே இருக்கும். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும். கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வைக்க மறக்காதீர்கள், பல கார்டுகளில் அது மூடியே இருக்கும். வங்கி அனுப்பும் ஓடிபி உங்கள் ஊர் சிம்முக்குத்தான் வரும். ஆகவே இணையத்துக்கு அந்த ஊர் சிம்மோ இ-சிம்மோ போட்டாலும் பழைய எண்ணில் செய்தி வரும்படி ரோமிங்கைத் திறந்து வையுங்கள்.

பயணக் காப்பீட்டை ஆளுக்கு ஆள் எடுங்கள். ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். மற்ற இடங்களுக்குக் கட்டாயம் இல்லையென்றாலும் கிளம்பும் நாள் காலைவரை இணையத்தில் எடுக்க முடியும் என்பதால் சாக்குச் சொல்ல இடமில்லை.

7. பை

கைப்பை ஒன்று போதும். நான்கு நாளுக்கு அதற்கு மேல் வேண்டாம். பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பையில் போட்டால் எடுத்துவிடுவார்கள். பொதுவாக 100 வாட்-மணி (பவர் பேங்கில் சேரும் மின்சாரத்தின் அளவு) வரை அனுமதி. சாதாரணமாக விற்கும் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஏறக்குறைய 74 வாட்-மணி, அது பரவாயில்லை. ஆனால் அந்த அளவு மேலே அச்சாகி இருக்க வேண்டும். அழிந்து போயிருந்தால் வாங்கி வைத்துக்கொள்ளச் சில நிலையங்களில் உரிமை உண்டு. வெயில் தடுப்புக் களிம்பைப் பெரிய குப்பியாக எடுக்காதீர்கள். 100 மில்லிக்கு மேற்பட்ட குப்பியைப் பல விமான நிலையங்களில் உள்ளே விடமாட்டார்கள், பாதி காலியாக இருந்தாலும் குப்பியின் அளவைத்தான் பார்ப்பார்கள்.

பழகிய செருப்பு அல்லது ஷூவையே போட்டுக்கொள்ளுங்கள். புதிது வேண்டவே வேண்டாம்.

8. போய் இறங்கியதும்

இறங்கிய இடத்திலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: திரும்பி வரும் கடைசி ரயிலும் கடைசிப் பேருந்தும் எத்தனை மணிக்கு என்று பார்த்துக் குழுவில் போடுவது. ஞாயிற்றுக்கிழமை அது சீக்கிரமே முடிந்துவிடலாம். நாங்கள் இதைப் பார்க்காததால் ஒரு இரவு நாற்பது நிமிடம் நடந்து அறைக்குப் போனோம்.

நகரப் பயணச்சீட்டு எடுக்கும்போது குழுச்சீட்டு உண்டா என்று கேளுங்கள். மியூனிக், பெர்லின் போன்ற நகரங்களில் 5 பேர் வரை ஒரே நாள் சீட்டில் போகலாம். அது தனித்தனியாக எடுப்பதைவிட நன்றாகவே குறையும். ஆனால் அப்போது எல்லாரும் ஒன்றாகவே போக வேண்டும். லண்டனில் கார்டையோ மொபைலையோ தட்டிவிட்டுப் போகலாம், ஆனால் ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். ஒரே கார்டை இரண்டு பேருக்குத் தட்ட முடியாது. நுழையும்போது கார்டைத் தட்டிவிட்டு வெளியேறும்போது மொபைலைத் தட்டினால், இரண்டும் ஒரே கணக்கு என்றாலும் முடிவடையாத இரண்டு பயணமாகக் கருதிக் கூடுதலாகப் பிடிப்பார்கள். காகிதச் சீட்டு உள்ள பல ஊர்களில், வாங்கினால் மட்டும் போதாது, சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். குத்தாத சீட்டோடு பிடிபட்டால் அபராதம், சுற்றுலாப் பயணி என்று விடமாட்டார்கள்.

பிரிந்து சுற்றவும் நேரம் வையுங்கள். எல்லாரும் நான்கு நாளும் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. பிற்பகலில் மூன்று மணி நேரம் அவரவர் இஷ்டம், மாலை ஆறு மணிக்கு இந்த இடத்தில் சந்திப்பு என்று வைத்தோம். மாலையில் திரும்பி வந்தபோது பேச ஆளுக்கொரு கதை இருந்தது.

9. வெயிலை மதியுங்கள்

காலை ஏழு மணி முதல் பதினொன்று வரை நடங்கள். பதினொன்றிலிருந்து நான்கு வரை அருங்காட்சியகம், நூலகம், அறை என்று ஏதாவது நிழலில் இருங்கள். மாலை ஐந்துக்கு மேல் மறுபடி கிளம்புங்கள். கோடையில் பல ஊர்களில் ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும், அவசரமே இல்லை.

தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடியுங்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த ஓஆர்எஸ் பொட்டலம் நான்கைந்து கையில் இருக்கட்டும். ஒருவருக்குத் தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது என்றால் உடனே நிழலில் உட்கார வைத்து ஈரத் துணியால் துடையுங்கள். பேச்சு குழறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது வெப்ப வாதம் (ஹீட் ஸ்ட்ரோக்). அந்த ஊர் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை தண்ணீர் ஊற்றி உடம்பைக் குளிர வைத்துக்கொண்டே இருங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் அவசர எண் 112. வேறு ஊர் என்றால் அதன் எண்ணைக் குழுவின் மேலே பொருத்தி வையுங்கள்.

10. திரும்பும் நாளும் அதன் பிறகும்

கடைசி நாள் காலையில் எதையும் திட்டமிடாதீர்கள். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்கும்படி கிளம்புங்கள். பல நிறுவனங்களின் வெளிநாட்டு விமானங்களில் பறப்பதற்கு 60 நிமிடம் முன்பே கவுன்டரை மூடிவிடுவார்கள். விமானத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் பொதுக் கணக்கை முடித்து, தர வேண்டியவர் வாங்க வேண்டியவருக்கு அங்கேயே அனுப்பிவிடட்டும். வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால் அது மாதக்கணக்கில் இழுக்கும்.

வந்த பிறகு மூன்று வாரம் கார்டுக் கணக்கைப் பார்த்துக்கொண்டே இருங்கள். விடுதி முடக்கிய பணம் விடுவிக்கப்பட்டதா, ஏதாவது இரண்டு முறை பிடிக்கப்பட்டதா என்று தெரியும்.

கடைசியாக ஒன்று. உங்கள் குழுவிலும் யாராவது வர முடியாமல் போனால், விமானம் கிளம்பும் முன்பே அவருடைய டிக்கெட்டை ரத்து செய்யுங்கள். டிக்கெட் பணம் திரும்பாவிட்டாலும், பறக்காத டிக்கெட்டுக்குரிய விமான நிலைய வரியைக் கேட்டால் பல நிறுவனங்கள் திருப்பித் தரும். ரத்து செய்யாமல் விட்டுவிட்டால் சில நிறுவனங்கள் அதையும் தராது. கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நிமிடத்தில் எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது. வந்த பிறகு எழுதிக் கேட்டோம், முதலில் மறுத்தார்கள், மூன்று முறை எழுதிய பிறகு ஒரு பகுதி வந்தது. மீதியை நான்கு பேரும் பகிர்ந்து அவனுக்குக் கொடுத்தோம். அந்தப் பணத்தில் அவன் முதலில் கட்டியது பாஸ்போர்ட் புதுப்பிக்கும் கட்டணத்தை.